மேலே வரும் இலையை வெட்டாதீர்கள்: மீன்தொட்டியில் அல்லி பூத்த பதிவு

மீன்தொட்டிக்கு அல்லிக் கிழங்கு வாங்கினால் கடைக்காரர் ஒரு அறிவுரையும் இலவசமாகக் கொடுப்பார். "அண்ணா, மேல வர்ற இலையை மட்டும் விடாதீங்க. அப்பப்போ கட் பண்ணிட்டே இருங்க, கீழ புதர் மாதிரி சூப்பரா வரும்." சென்னை கொளத்தூரில் நான் விசாரித்த கடைகளில் எல்லாம் இதையேதான் சொன்னார்கள். தப்பான அறிவுரை இல்லை. தண்ணீருக்குள்ளேயே சிவப்பும் பழுப்பும் புள்ளியுமாக விரியும் இலைக்காகத்தான் முக்கால்வாசிப் பேர் இதை வாங்குகிறார்கள்.

பூ வேண்டும் என்றால் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். மேலே போகும் இலையைப் போக விட வேண்டும், கீழே இருக்கும் அழகைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். தொட்டி மூடி, விளக்கு, ஃபில்டர், மண், உடன் வைக்கும் செடி என்று மற்ற எல்லாமே இந்த ஒரு முடிவைப் பொறுத்துத்தான் மாறுகின்றன.

காரணம் எளிது. மிதக்கும் அல்லி இலைக்கு மூச்சுத்துளைகள் மேல்பக்கத்தில் இருக்கின்றன. கரியமில வாயுவை அது நேராகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தண்ணீருக்குள் அந்த வாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடக் கிட்டத்தட்ட 10,000 மடங்கு குறைவு. உள்ளே மூழ்கிக் கிடக்கும் இலை எவ்வளவு அழகாக இருந்தாலும் செடிக்கு வயிறு நிறையச் சம்பாதித்துக் கொடுக்காது. மேலே நாலைந்து இலை விரிந்து, வெளிச்சத்தையும் காற்றையும் ஒன்றாகப் பிடித்துக் கிழங்கில் மாவுச்சத்து சேர்ந்த பிறகுதான் மொட்டு என்கிற பேச்சே வரும்.

உலகத்திலேயே மிகச் சிறிய அல்லியைக் காப்பாற்றியதும் இதே விஷயம்தான். ருவாண்டாவில் ஒரு வெந்நீர் ஊற்றின் ஓரத்துச் சேற்றில் 1987-இல் எபர்ஹார்ட் ஃபிஷர் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் கண்டெடுத்த இனம் அது. பெயர் நிம்ஃபியா தெர்மாரம். இலை 1 சென்டிமீட்டர் அளவுக்குச் சிறிதாகக்கூட இருக்கும். ஊற்றுத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பியதும் அந்த இடத்தில் அழிந்துபோனது. லண்டன் கியூ தோட்டத்தில் விதையிலிருந்து வந்த நாற்றுகள் தண்ணீருக்குள் வளராமல் நின்றுகொண்டே இருந்தன. கார்லோஸ் மாக்டலேனா என்ற தோட்டக்கலை வல்லுநர், நாற்று மூழ்காமல் மண்ணின் மேல்மட்டமும் தண்ணீர் மட்டமும் ஒன்றாக இருக்கும்படி வைத்துப் பார்த்தார். காற்றிலிருந்து கரியமில வாயு கிடைத்ததும் வளர்ந்து 2009-இல் பூத்துவிட்டது. 2014 ஜனவரியில் அதே தோட்டத்திலிருந்து ஒரு செடியை யாரோ திருடிப் போனது தனிக் கதை. செடி வளர்ப்பவர்களிலும் கை நீளமானவர்கள் உண்டு.

சரி, நம் தொட்டிக்கு வருவோம்.

எந்த அல்லி?

நம் ஊர்க் குளத்து வெள்ளை அல்லியும் செவ்வல்லியும் மீன்தொட்டிக்கு ஆகாது. இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாக விரிந்து, இரண்டே இலையில் தொட்டியை மூடிவிடும். மொட்டை மாடியில் பெரிய டப் இருந்தால் தாராளமாக வையுங்கள்.

வீட்டுக்குள் வைக்க நான் எடுத்துக்கொண்டவை இரண்டு. ஒன்று, கடைகளில் டைகர் லோட்டஸ் என்று கிடைக்கும் மேற்கு ஆப்பிரிக்க அல்லி. சிவப்பிலும் பச்சையிலும் வரும், நான் வைத்தது சிவப்பு. இது இரவில் மலர்வது. இன்னொன்று டாபென். எகிப்தின் நீல அல்லிக்கும் மேற்கு ஆப்பிரிக்காவின் மைக்ராந்தா என்ற அல்லிக்கும் பிறந்த கலப்பினம், ஆக்ஸ்போர்டில் தாவரவியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் டாபெனியின் பெயரைத் தாங்கியது. பகலில் மலரும், வெளிர் நீலம், நல்ல மணம். வெயில் கொஞ்சம் குறைந்தாலும் பூப்பதில் இதற்கு நிகர் வேறு அல்லி நான் பார்த்ததில்லை. இடம் குறைவாக இருந்தால் இலையையும் சிறிதாக்கிக்கொண்டு வாழப் பழகிவிடும். முதல்முறை முயல்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு டாபெனை எடுக்கலாம்.

ஸ்டெல்லாட்டா, ட்வார்ஃப் லில்லி என்ற பெயர்களிலும் சிறு கிழங்குகள் வருகின்றன. இலங்கையின் தேசிய மலரான நீல அல்லிக்கு உறவுமுறை என்று சொல்லி விற்பார்கள். சில நன்றாக வரும், சில என்ன இனம் என்றே தெரியாமல் இலை மட்டும் போட்டுக்கொண்டிருக்கும். பூ பார்க்க வேண்டும் என்ற குறிக்கோளோடு இறங்குபவருக்கு அது சூதாட்டம்.

கிழங்கு வாங்கும்போது கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் நல்லது. விரல் அமுங்கினாலோ, முகர்ந்தால் சாக்கடை வாடை அடித்தாலோ திருப்பிக் கொடுத்துவிடலாம். முளை வந்த கிழங்கே கிடைத்தால் இன்னும் நல்லது, எந்தப் பக்கம் மேல் என்ற குழப்பம் இருக்காது.

தொட்டியும் சட்டியும்

என் தொட்டி 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தண்ணீரை விளிம்பு வரை நிரப்பாமல் 14 அங்குலத்தில் நிறுத்தினேன், சுமார் 120 லிட்டர். அல்லியின் பூ தண்ணீருக்கு மேலே சில அங்குலம் தலையைத் தூக்கி நிற்கும் என்பதால் கண்ணாடி மூடியும் விளக்கு பொருத்திய பிளாஸ்டிக் மூடியும் கழற்றப்பட்டு லாஃப்டுக்குப் போய்விட்டன. திறந்த தொட்டியில் மீன் துள்ளி வெளியே விழுமே என்ற பயம் நியாயமானது. தண்ணீர் மட்டத்தைக் குறைத்ததும், இலைகள் மேற்பரப்பில் பரவியதும் அதற்கும் சேர்த்து மருந்தாகிவிட்டன.

தொட்டியின் அடி முழுக்க மண் பரப்பவில்லை. அல்லி வேர் போகிற வேகத்துக்கு, ஒரு வருஷத்தில் அடி முழுவதையும் பின்னிப் பிணைத்துவிடும். பிறகு இடம் மாற்ற வேண்டுமென்றால் தொட்டியையே கலைக்க வேண்டியிருக்கும். எனவே அகலவாய் மண்சட்டிகள் இரண்டு. மீன்குழம்புக்கு வாங்குவோமே, அதே சட்டிதான். 9 அங்குல வாய், 4 அங்குல உயரம், புதிது. எண்ணெய் படாத, மெருகு பூசாத சட்டியாக இருக்க வேண்டும். அல்லிக்கு ஆழத்தைவிட அகலம் முக்கியம், கிழங்கிலிருந்து வேர் பக்கவாட்டில்தான் ஓடும்.

மண்ணுக்கு, ஏரி வண்டலும் செம்மண்ணும் முக்கால் கால் கணக்கு. வண்டலை வெயிலில் காயவைத்து, உடைத்து, சல்லடையில் சலித்து, வேர்த்துண்டும் குப்பையும் எடுத்துவிட்டேன். அப்புறம் ஒரு பக்கெட்டில் ஊறப்போட்டு, மேலே மிதந்ததை எல்லாம் வழித்து ஊற்றினேன். செம்மண் சேர்ப்பது இரும்புச்சத்துக்காக, சிவப்பு இலை வகைக்கு அது பிடிக்கும்.

மாட்டுச் சாணம் வேண்டவே வேண்டாம். மொட்டை மாடி டப்பில் அல்லி வளர்ப்பவர்கள் மக்கிய சாணத்தை அடியில் போட்டு அருமையாகப் பூ எடுக்கிறார்கள், உண்மைதான். திறந்தவெளி டப் வேறு, 120 லிட்டர் தண்ணீரில் மீன் இருக்கும் கண்ணாடித் தொட்டி வேறு. உள்ளே அது மேலும் மக்கும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும், அம்மோனியா ஏறும், காலையில் மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டிருக்கும். யூரியாவுக்கும் இதே கதைதான். மண்புழு உரமும் மீன்தொட்டிக்குள் சமர்த்தாக இருக்காது.

உரத்துக்கு ஆஸ்மோகோட் மாதிரியான மெதுவாகக் கரையும் உர மணிகள், என்பிகே 14-14-14 (மூன்று முக்கியச் சத்தும் சம அளவு). பத்துப் பன்னிரண்டு மணிகளை எடுத்து ஈரக் களிமண்ணுக்குள் வைத்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டி, நிழலில் காயவைத்துக்கொள்ளலாம். சட்டியின் ஓரமாக, அடியைத் தொடும் அளவுக்கு ஆழமாக இரண்டு உருண்டை. கிழங்குக்கு நேர் கீழே வைத்தால் இளம் வேர் கருகும். உருண்டை மேல் மண்ணும், மண்ணின் மேல் ஒரு அங்குலம் கழுவிய ஆற்றுமணலும். ஆற்றுமணலுக்கு எங்கே போவது என்பவர்களுக்கு, நீச்சல்குள ஃபில்டரில் போடும் சிலிக்கா மணல் நல்ல மாற்று. எம்-சாண்ட் எத்தனை முறை அலசினாலும் தூள் அடங்காது.

நடுவதில் ஒரே ஒரு விதிதான்: முளைக்கும் தலைப்பகுதி மணலுக்கு வெளியே இருக்க வேண்டும். கிழங்கை முழுக்கப் புதைத்தால் அழுகும். பாதி புதைத்து, மிதந்து போகாமல் பக்கத்தில் ஒரு கூழாங்கல் முட்டுக் கொடுத்தால் போதும். வேர் பிடித்த பிறகு நாமே இழுத்தாலும் வராது.

விளக்கு

வாட்டத்துக்கும் பூவுக்கும் நடுவில் இருப்பது இதுதான். சாதாரண மீன்தொட்டி விளக்கில் டைகர் லோட்டஸ் உள்ளிலையோடு சந்தோஷமாக இருக்கும், பூவுக்குப் போதாது. வெளியே குளத்தில் தினம் ஐந்தாறு மணிநேரம் நேர் வெயில் குடிக்கிற செடி இது.

கட்டடங்களுக்கு வெளியே மாட்டுகிறார்களே, அந்த 50 வாட் எல்இடி ஃப்ளட் லைட், 6500 கெல்வின் வெள்ளை, எலக்ட்ரிக் கடையில் வாங்கினேன். மீன்தொட்டிக்கென்று விற்கும் விளக்குகளில் இதே வெளிச்சத்துக்குப் பல மடங்கு கேட்கிறார்கள். கண்ணுக்கு அழகான நிறம் வராது, மீனின் சிவப்பு கொஞ்சம் வெளிறித் தெரியும், செடிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. கூரையிலிருந்து சங்கிலி போட்டு, தண்ணீருக்கு மேல் ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட்டேன். சங்கிலியாக இருந்தால் பூ வரும்போது கொஞ்சம் மேலே ஏற்றிக்கொள்ளலாம். திறந்த தொட்டிக்கு மேலே மின்சாரம் தொங்குகிறது என்பதை மறந்துவிட வேண்டாம்: எர்த் இணைப்பு சரியாக இருக்க வேண்டும், இரட்டைச் சங்கிலி வேண்டும், ஒயர் ஒரு வளைவு கீழே இறங்கி அப்புறம் ப்ளக்குக்கு ஏற வேண்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

டைமரில் தினம் 11 மணிநேரம். கணக்குப் போட்டால் நாளுக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், மாதம் பதினாறு பதினேழு யூனிட். வீட்டில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

இவ்வளவு வெளிச்சம் போட்டால் பாசி வராதா? ஆரம்பத்தில் வரும். கண்ணாடியில் பச்சை படியும், மணலில் பழுப்பு பூக்கும். மேலே மூன்று இலை விரியும் வரை விளக்கை ஏழு மணிநேரத்தில் வைத்திருந்து, இலை கூடக் கூட நேரத்தையும் கூட்டினால் தொல்லை குறைவு. மேற்பரப்பில் பாதி மூடியதும் கீழே நிழல் விழுந்து பாசி தானாகவே அடங்கும். அதே நிழலில் வாலிஸ்னேரியா, லட்விஜியா எல்லாம் மெலிந்து போகும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் மூன்றும் நிழலுக்குப் பிறந்தவை, அவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

தண்ணீர், ஃபில்டர், மீன்

சென்னையின் நல்ல விஷயம், ஹீட்டர் வேண்டாம். அறைத் தண்ணீர் வருஷத்தில் பெரும்பாலும் 27-இலிருந்து 31 டிகிரிக்குள் நிற்கிறது, வெப்பமண்டல அல்லிக்கு இதைவிட வேறென்ன வேண்டும். கெட்ட விஷயம், போர் தண்ணீரின் உப்பு. மூடி இல்லாத தொட்டியில் வெயில்காலத்தில் தண்ணீர் வற்றுவது கண்ணுக்குத் தெரியும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். போர் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஊற்றினால் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, ஏறிக்கொண்டே போகும். அதனால் வற்றியதை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர், வாராவாரம் கால்பங்கு மாற்றும்போது மெட்ரோ தண்ணீர் என்று பிரித்துக்கொண்டேன். மழைக்காலத்தில் மாடியில் பிடித்த தண்ணீர் இருந்தால் அதற்கு மிஞ்சி எதுவும் இல்லை.

தொட்டியின் பின்னால் மாட்டும் அருவி ஃபில்டர் அல்லிக்குப் பகை. அது கொட்டுகிற இடத்தில் தண்ணீர் தெறித்து இலையின் மேல்பக்கம் எப்போதும் நனைந்தே இருக்கும். அல்லி இலையில் மெழுகுப் பூச்சு உண்டு, துளி உருண்டு ஓடிவிட வேண்டும். ஓயாமல் தெறித்தால் அந்தப் பூச்சும் தோற்றுவிடும். உப்புத் தண்ணீர் காய்ந்து இலையில் சுண்ணாம்புப் பொட்டு பொட்டாக நிற்கும், பொட்டின் அடியில் பழுப்பு ஓட்டை விழும். அருவியை எடுத்துவிட்டு, மூலையில் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை ஏர் பம்பின் காற்றைப் பாதியாகக் குறைத்து வைத்தேன். அந்த மூலைக்கு வரும் இலையை மட்டும் நகர்த்திவிட வேண்டும்.

மீன்களில் கப்பியும் பிளாட்டியும். திறந்த தண்ணீர் என்றால் கொசு வருமே என்று கேட்பவர்களுக்குக் கப்பியே பதில். தங்கமீன் இளம் இலையை மென்று துப்பும், மணலைத் தோண்டி உர உருண்டையை வெளியே எடுக்கும். ஆப்பிள் நத்தை வந்தால் அல்லி காலி. பால்கனிக் கதவு திறந்திருந்த நாட்களில் கருப்பு அசுவினி வந்து இலை மேல் மிளகுப்பொடி தூவியது போல உட்கார்ந்தது. மீன் இருக்கும் தொட்டியில் மருந்தடிக்க முடியாது. இலையைக் கையால் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தால் கப்பிகளுக்கு விருந்து. சில நாள் தொடர்ந்து செய்தால் போதும்.

இலையிலிருந்து மொட்டுக்கு

முதலில் வருவன எல்லாம் உள்ளிலைகள். அம்புமுனை வடிவில், தாள் மாதிரி மெல்லிசாக இருக்கும். பிறகு ஒரு நாள் ஒரு இலை மட்டும் விரியாமல் சுருட்டிக்கொண்டே விறுவிறுவென மேலே ஏறும். காலையில் சட்டிக்கு அருகில் பார்த்ததை மறுநாள் மேற்பரப்பில் பார்க்கலாம். இங்கேதான் கத்தரிக்கோலை எடுக்கக் கூடாது. முதல் மிதப்பிலை சிறிதாகத்தான் இருக்கும். அடுத்தடுத்து வருவது பெரிதாகும், தடிக்கும்.

என் தொட்டி அளவுக்கு டைகர் லோட்டஸுக்கு ஐந்து மிதப்பிலை, டாபெனுக்கு ஆறு ஏழு என்று வரம்பு வைத்தேன். புதிது ஒன்று விரிந்ததும் ஓரத்தில் இருக்கும் கிழட்டு இலையை அடிக்காம்போடு வெட்டிவிடலாம். வெட்டிய காம்பைக் குறுக்கே பார்த்தால் உள்ளே காற்றுக்குழாய்கள் வரிசையாகத் தெரியும். கிழங்கும் வேரும் சேற்றுக்குள் மூச்சு முட்டாமல் இருப்பது இவற்றால்தான். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அந்தக் காம்பை மாற்றி மாற்றி ஒடித்து, தோல் அறுந்துவிடாமல் உரித்து, சங்கிலி செய்து கழுத்தில் போட்டுவிட்டேன். குளத்தங்கரையில் வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்த நகைதான், அந்தக் குழந்தைக்குப் புதுசு.

மிதப்பிலை கூடக் கூட உள்ளே இருந்த சிவப்புப் புதர் மெல்ல மெல்லக் கலைந்தது. இந்தக் கட்டத்தில் பலர் பதறிப்போய் மேலிலையை வெட்டி விடுகிறார்கள். செடி அதோடு மறுபடியும் கணக்கை முதலிலிருந்து தொடங்கும்.

மொட்டையும் இலையையும் எப்படிப் பிரித்து அறிவது? புது இலை இரண்டு ஓரமும் உள்பக்கமாகச் சுருண்டு, பாய் சுருட்டிய மாதிரி கூராக வரும். மொட்டு முட்டை வடிவில் கெட்டியாக, நான்கு பச்சைப் புல்லிதழ்கள் இறுக மூடி வரும். காம்பும் இலைக்காம்பைவிடத் தடிமன். என் தொட்டியில் முதலில் வந்தது டாபென். சட்டியின் நடுவில், இலைக்காம்புகளுக்கு இடையில், பட்டாணி அளவில் இருந்தது. மேலே ஏறும் அந்த வாரத்தில் சட்டியை நகர்த்தக் கூடாது, வேரைக் குடையக் கூடாது, தண்ணீரையும் மொத்தமாக மாற்றக் கூடாது. பாதி வழியில் மொட்டு கருத்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வெளிச்சமோ உரமோ பற்றவில்லை என்று அர்த்தம். அடுத்த மொட்டுக்கு முன் சட்டி ஓரத்தில் புது உர உருண்டை ஒன்று செருகிவிடலாம்.

டாபென் காலை ஒன்பது ஒன்பதரைக்கு விரிய ஆரம்பித்தது. மூன்று அங்குல அகலம், வெளிர் நீலம், நடுவில் மஞ்சள். மணம் ஹால் முழுக்க வரவில்லை, பக்கத்தில் குனிந்தால் வந்தது. அம்மா பூக்கூடையோடு வந்து நின்றார். "ஏண்டா, இதைப் பறிச்சு சாமிக்கு வைக்கட்டுமா?" "நாலு நாள் இருக்கும்மா, கடைசி நாள் பறிச்சுக்கோ" என்றேன். "வாடுனதையா சாமிக்கு வைப்பாங்க?" என்று போய்விட்டார். அடுத்த பூ அவருக்கே போனது.

முதல் நாள் பூவையும் இரண்டாம் நாள் பூவையும் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வீட்டுத் தொட்டியைப் போல வசதி வேறெங்கும் கிடைக்காது. குளத்தில் இதைப் பார்க்க இடுப்பளவு இறங்க வேண்டும். முதல் நாள், பூவின் நடுவில் சூல்முடி ஒரு சிறு கிண்ணம் போல இருக்கும், அதில் தெளிந்த நீர் தேங்கியிருக்கும். சுற்றிலும் மகரந்தத்தாள்கள் விறைத்து நிற்கும், மகரந்தம் இன்னும் உதிராது. வேறு பூவில் மகரந்தம் பூசிக்கொண்டு வரும் பூச்சி வழுக்கி அந்தக் கிண்ணத்து நீரில் விழுந்தால், மகரந்தம் கழுவப்பட்டு சூல்முடிக்குப் போய்ச் சேரும். சில பூச்சிகள் அங்கேயே முடிந்தும் போகும். பால்கனி வழியாக வந்த ஒரு சின்னத் தேனீ உள்ளே விழுந்து தத்தளித்ததை நானே பார்த்து, தீக்குச்சி நீட்டித் தூக்கிவிட்டேன். இரண்டாம் நாள் கிண்ணம் வற்றியிருந்தது. தாள்கள் உள்பக்கம் வளைந்து அதை மூடியிருந்தன, விரலால் தொட்டால் மஞ்சள் தூள் ஒட்டியது. ஒரே பூ முதல் நாள் பெண், மறுநாள் ஆண்.

டைகர் லோட்டஸ் பூக்க டாபெனைவிட ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது. கிழங்கு பெருத்த பிறகுதான் மனசு வைத்தது. இலை செக்கச்செவேல் என்று இருக்கிறதே, பூவும் அப்படி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், பூ வெள்ளை. இரவில் மலர்வது என்பதால் இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. வேலைக்குப் போய்விட்டு வருகிற பலர், மாலையில் தொட்டியை ரசிக்க வேண்டும் என்று விளக்கை மதியம் தொடங்கி இரவு பதினொன்று வரை எரிய விடுகிறார்கள். அந்தத் தொட்டியில் ஆம்பல் நள்ளிரவில் எல்லோரும் தூங்கும்போது விரிந்துவிட்டுப் போகும். நான் டைமரைக் காலை ஏழு முதல் மாலை ஆறு வரை என்று வைத்திருந்தேன். விளக்கு அணைந்து ஒன்றிரண்டு மணிநேரத்தில் இதழ் பிரியத் தொடங்கி, இரவுச் சாப்பாட்டு நேரத்தில் முழுசாக விரிந்திருக்கும். மறுநாள் காலை விளக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்து, பத்து மணிவாக்கில் மூடிக்கொள்ளும். கவிஞர்கள் நிலவைப் பார்த்து மலரச் சொன்னார்கள், என் வீட்டில் அது டைமரைப் பார்த்து மலர்கிறது.

பூ முடிந்த பிறகு

மூன்று நான்கு முறை மூடித் திறந்த பிறகு பூ தண்ணீருக்குள் இறங்கிவிடும். டாபெனின் பூவை அப்போதே காம்போடு வெட்டி எடுத்துவிடலாம், உள்ளே கிடந்து அழுகினால் தண்ணீர் கெடும். டைகர் லோட்டஸ் தன் மகரந்தத்திலேயே விதை பிடிக்கும் என்பதால் அதை விட்டுவைத்தேன். காய் தண்ணீருக்குள்ளேயே உருண்டையாகப் பருக்கும். அது வெடிக்கும் முன் ஒரு மெல்லிய துணிப்பையை அதன் மேல் கட்டிவிட வேண்டும். வெடித்ததும் கடுகைவிடச் சின்ன விதைகள், வழவழப்பான உறையோடு மேலே மிதந்து நாலாபக்கமும் போகும், கொஞ்ச நேரத்தில் மூழ்கும். பை இல்லாவிட்டால் பாதி ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குள், பாதி கப்பி வயிற்றுக்குள். விதையிலிருந்து வளர்ப்பதற்கு ஆழம் குறைந்த தனிக் கிண்ணமும் நிறையப் பொறுமையும் வேண்டும், கியூ தோட்டத்துக் கதையை அங்கே நினைத்துக்கொள்ளலாம்.

டாபெனுக்கு அந்த வேலையே இல்லை. இலையும் காம்பும் சேரும் இடத்தில், மேல்பக்கமாக, ஒரு சிறு முடிச்சு பஞ்சு மாதிரி ரோமத்தோடு தெரியும். சில வாரங்களில் அதிலிருந்து நகக்கண் அளவில் இலைகள் எழும், கீழே வெள்ளை வேர் இறங்கும். தாயிலை மஞ்சளாகி வாடும்போது, குட்டி தன் காலில் நிற்கத் தயாராக இருக்கும். சில குட்டிகள் தாயிலையில் ஒட்டியிருக்கும்போதே மொட்டு வைத்துவிடும், அவ்வளவு அவசரம். தாயிலையைச் சுற்றி ஓர் அங்குலம் விட்டு வெட்டி, சிறு கிண்ணத்து மண்ணில் வைத்து மேலே ஒரு கூழாங்கல்லை வைத்தால் போதும். மைக்ராந்தாவிடமிருந்து வந்த குணம் இது.

டைகர் லோட்டஸ் திடீரென்று இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் கிழங்காக நின்றால் செத்துவிட்டது என்று தூக்கிப்போட வேண்டாம். உணவோ வெளிச்சமோ குறைந்தால் அது தூங்கப் போகும். கிழங்கு கெட்டியாக இருந்தால், ஈர மணலில் போட்டு மூடி நிழலில் வைத்துவிட்டு, முளை எட்டிப் பார்க்கும்போது திரும்ப நடலாம். நன்றாக வளர்ந்த முளையை நாலைந்து இலையும் வேரும் வந்த பிறகு கிழங்கிலிருந்து கிள்ளித் தனியாக நட்டாலும், கிழங்கு இன்னொரு முளை விடும். ஒரு கிழங்கில் இரண்டு மூன்று செடி எடுப்பது இப்படித்தான்.

மூடியைக் கழற்றவே முடியாது, வீட்டில் பூனை இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. பார்க்ளேயா லாங்கிஃபோலியா என்ற செடி அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், அந்தமானிலும் மியான்மர், தாய்லாந்து ஓடைகளிலும் வளர்வது. தண்ணீருக்குள்ளேயே மொட்டு வைத்து, பெரும்பாலும் திறக்காமலேயே விதை பிடித்துவிடும். பார்ப்பதற்கு அல்லிப் பூவின் பகட்டு கிடையாது, இலையின் அலையலையான ஓரம் மட்டும் அழகு. விலையும் அதிகம், நத்தைகளுக்கும் ரொம்பப் பிடிக்கும். நானாக இருந்தால் பூனைக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டு டாபெனையே வைப்பேன்.

இப்போது டாபென் குட்டிகள் தேவைக்கு மேல் இருக்கின்றன, தெரிந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வெளியூருக்கு அனுப்புவதென்றால், குட்டியோடு வெட்டிய இலைத்துண்டை நனைத்துப் பிழிந்த செய்தித்தாளில் சுற்றி, ஜிப் கவரில் கொஞ்சம் காற்றோடு மூடி, நசுங்காத டப்பாவில் வைத்தால் மூன்று நாள் பயணத்தைத் தாங்குகிறது. தண்ணீர் ஊற்றி அனுப்பினால்தான் அழுகும். போய்ச் சேர்ந்ததும் நேராகச் சட்டிக்குப் போகாமல், ஒரு நாள் ஜன்னலோரக் கிண்ணத்தில் மிதக்க விட்டு, நத்தை முட்டை ஒட்டியிருக்கிறதா என்று இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு நடச் சொல்கிறேன்.